சூரியனைப் பார்த்த கேமரா

அந்த நாளிதழ் அலுவலகத்தில் கேமரா அறைக்கு மட்டும் ஜன்னல் கிடையாது. ஒரு கதவு, கதவின் நடுவே மார்பளவு உயரத்தில் ஒரு திறப்பு, திறப்பை ஒட்டி ஒரு பலகை. பலகைக்கு உட்பக்கம் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றார்கள். நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் எக்ஸ்ரே.

பேர் சும்மா வரவில்லை. திரும்பி வரும் கேமராப் பையை அவள் முதலில் திறக்க மாட்டாள், முகர்ந்து பார்ப்பாள். கடற்காற்றில் கிடந்த பைக்கு ஒரு வாசம், மழையில் நனைந்து மின்விசிறிக்கு அடியில் அவசரமாகக் காய்ந்த பைக்கு வேறொரு வாசம். பிறகு பட்டையைத் தடவுவாள். ஈரம், மணல், பிசுபிசுப்பு, எல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். "வெளியில மழையாக்கா?" என்று யாராவது பேச்சுக்குக் கேட்டால்கூட, "யாரு கேக்கச் சொன்னா?" என்பாள்.

வீட்டிலும் அப்படித்தான். பாலைக் காய்ச்சுவதற்கு முன் முகர்வாள். அணைத்த அடுப்பை மூன்றாம் முறை அணைப்பாள். பேருந்து நிலையப் பணிமனையில் டயர் சரிபார்க்கும் அவள் கணவர், தானும் நாள் முழுக்கக் குறை தேடுகிற வேலையில் இருப்பதால், இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "கல்யாணமான புதுசுல நான் பல்லு தேய்ச்சேனான்னு பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தவ இவ," என்று உறவுக்காரர்களிடம் சொல்வார். "ஈரமா இருந்துச்சா?" என்று யாராவது கேட்டால், அக்காவே பதில் சொல்வாள்: "பிரஷ்ஷு ஈரமாத்தான் இருந்துச்சு. பல்லு எப்படின்னு தெரியாதே."

முதலில் அவள் கணக்குப் பிரிவில் இருந்தாள். ஒரு முறை காணாமல்போன லென்ஸை, அதைத் தேடுவதாக எல்லோரையும்விட அதிகமாக அலைந்துகொண்டிருந்தவரின் சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் மேனேஜர் கேமரா அறையின் சாவியை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வந்ததும் அவள் செய்த முதல் காரியம், அறையின் உள்சுவரில் ஒரு பகுதியை வெள்ளை அடிக்கச் சொன்னது. அதற்கு எதிரே எதையும் வைக்க விடவில்லை.

வெளியே போய் வந்த கேமராவை அந்தச் சுவருக்கு எதிரே பிடித்து ஒரு படம் எடுக்க வேண்டும். அதுதான் சட்டம். எடுத்த படத்தை அவள் திரையில் பெரிதாக்கி, மூலை மூலையாக நகர்த்திப் பார்ப்பாள். உள்ளே தூசி இருந்தால் வெள்ளைச் சுவரில் புள்ளியாகத் தெரியும். ஈரம் போயிருந்தால் புகைமூட்டமாகத் தெரியும். அடிபட்டிருந்தால் கோடு விழும். "மனுஷங்க சொல்றதை நான் கேக்குறதில்ல. சுவரு சொல்றதைத்தான் கேக்குறேன்" என்பாள். படக்காரர்கள் அதற்குச் சுவர்ப் படம் என்று பேர் வைத்தார்கள். சுவர்ப் படம் எடுக்காமல் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது, மனைவிக்குப் பிரசவ வலி என்றாலும் சரி. ஒருவருக்கு அப்படியே நடந்தது. "வலி இப்பதானே ஆரம்பிச்சிருக்கு. ஒரு படம் எடுக்க நேரம் இருக்கும்" என்றாள்.

இந்தச் சட்டத்துக்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. அது அவளுடைய தம்பி.

அம்மா வேலைக்குப் போன வீட்டில், அவனைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள். படித்து முடித்து, இரண்டு மூன்று வேலைகளில் ஒட்டாமல் திரிந்தவனை இங்கே படக்காரனாகச் சேர்த்துவிட்டதும் அவள்தான். இப்போது அவனுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, முன்மண்டையில் முடி குறையத் தொடங்கியிருந்தது. மற்றவர்கள் பலகைக்கு வெளியே நின்று பையை நீட்டுவார்கள். அவன் மட்டும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவான், ஒரு கையில் அவளுக்குத் தேநீர், மறுகையில் பை. பையைத் தானே அலமாரியில் வைத்துவிட்டு, "சுவரை எடுத்துட்டேன்க்கா, பளிச்சுனு இருக்கு" என்பான். அவள் தேநீரை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிப்பாள். படத்தைப் பார்க்கமாட்டாள்.

கேமரா பொசுங்கியது போன வருடம்.

அலுவலகத்தில் இருந்ததிலேயே புதிய கேமரா அது. அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு போனவர் ஜூம். அலுவலகத்தின் மூத்த படக்காரர். எவ்வளவு தூரத்தில் என்ன நடந்தாலும் நகராமல் நின்ற இடத்திலிருந்தே எடுத்துவிடுவார் என்பதால் அந்தப் பேர். அக்காவைவிட வயதில் மூத்தவர்தான், ஆனால் ஊரே அக்கா என்னும்போது தான் மட்டும் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவரும் அக்கா என்றார். துறைமுகத்தில் ஒரு கப்பல் வரப்போகிறது, பெரிய மனிதர் ஒருவர் இறங்கப்போகிறார் என்று அனுப்பினார்கள். கப்பல் வரவில்லை. மாலை வரை வெயிலில் நின்றுவிட்டு, ஒரு படம்கூட எடுக்காமல் திரும்பி வந்தார். சுவர்ப் படம் எடுத்தார். வெள்ளைச் சுவரின் குறுக்கே மேலிருந்து கீழாகப் பச்சையாக ஒரு கோடு, நடுவில் ஓர் எரிந்த பொட்டு.

அக்கா லென்ஸைக் கழற்றினாள். கேமராவின் வாய்க்குள் மூக்கை வைத்தாள். பிளாஸ்டிக்கும் முடியும் சேர்ந்து பொசுங்கிய மாதிரி, அடியில் லேசான இனிப்போடு ஒரு வாசம். அது அவள் மூக்கை விட்டுப் போகப் பல நாள் ஆயிற்று.

"சூரியனுக்கு நேரா வச்சிருக்கீங்க" என்றாள்.

"பையைத் திறக்கவே இல்லக்கா."

"துறைமுகத்துல சூரியன் எந்தப் பக்கம் இறங்குது?"

"தண்ணிப் பக்கம்தான், மேற்குக் கடலாச்சே. அதுக்கு?"

"நீங்க தண்ணியப் பாத்துத்தானே நின்னீங்க?"

"கப்பல் தண்ணியிலதானே வரும். ரோட்டுலயா வரும்?"

லென்ஸ் என்பது பூதக்கண்ணாடிதான். சின்ன வயதில் பூதக்கண்ணாடியைப் பிடித்துக் காகிதத்தில் ஓட்டை போடாதவர்கள் யார்? அந்தக் காகிதம் இருக்கும் இடத்தில்தான் கேமராவுக்குள் படம் பிடிக்கிற தகடு இருக்கிறது. மூடி போடாமல் சூரியனுக்கு நேரே சும்மா விட்டுவைத்தாலே போதும். ஜூம் அப்படித்தான் விட்டிருக்கிறார் என்று அக்கா மேனேஜரிடம் சொன்னாள். எடுக்காத படத்துக்குச் சாட்சி ஏது? அவர் மறுத்தார், பிறகு கோபப்பட்டார், பிறகு சும்மா இருந்துவிட்டார். சும்மா இருந்ததை அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஜூமுக்கு வெளி வேலை இல்லை. இரங்கல் பக்கத்துக்காக வீட்டுக்காரர்கள் கொண்டுவரும் பழைய புகைப்படங்களைத் திரும்பப் படம் எடுத்துக் கொடுக்கிற வேலை. "வசதிதான்" என்று சிரிப்பார். "செத்தவங்க அசைய மாட்டாங்க. கண்ணச் சிமிட்டிட்டேன், இன்னொண்ணு எடுங்கன்னும் கேக்க மாட்டாங்க." அந்தச் சிரிப்பையும் அக்கா நம்பவில்லை. வெளி வேலை இல்லாதவருக்கு எதற்குத் தோளில் எப்போதும் ஒரு பை? அதற்குள் என்ன இருக்கிறது? வார இறுதிகளில் கல்யாணங்களுக்குப் போகிறாரோ? போனால் யாருடைய கேமராவோடு போகிறார்? அலமாரியில் இருப்பதை எண்ணிப் பார்ப்பாள். எல்லாம் இருக்கும். இருந்தாலும் இன்னொரு முறை எண்ணுவாள்.

சூரிய கிரகணம் வரப்போகிறது என்று செய்தி வந்தபோது ஆசிரியர் குழு முதல் பக்கத்தில் பெரிய படம் வேண்டும் என்றது. அதற்கு யானை வேண்டும். யானை என்பது அலுவலகத்தின் மிக நீளமான லென்ஸ், வெள்ளை நிறம், கைக்குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும்தான் தூக்க வேண்டும். அதைக் கையாளத் தெரிந்தவர் ஜூம் ஒருவர்தான். மேனேஜர் திறப்புக்கு வெளியே வந்து நின்றார்.

"ஜூமுக்கே குடுத்துடுங்க. ஆனா ஒண்ணு. இன்னொரு தடவை எதாவது பொசுங்குச்சுன்னா இந்த ரூமே வேண்டாம்னு மேல சொல்லிட்டாங்க. அவங்கவங்க கேமரா, அவங்கவங்க பாடு. நீங்க பழையபடி கணக்குக்குப் போக வேண்டியதுதான். அங்கயும் இப்ப ஆள் அதிகம்."

கணக்கில் ஆள் அதிகம் என்றால் என்ன அர்த்தம் என்று அக்காவுக்குத் தெரியும்.

சூரியனை எடுப்பதற்கென்றே விற்கிற வெள்ளித்தாள் ஒன்று வாங்கிவந்தார்கள். பார்த்தால் சாக்லேட் சுற்றுகிற தாள் மாதிரி இருந்தது. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பின்னால் பிடித்து, தாள் முழுவதையும் ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. கடையில் இரண்டாவது தாளும் வாங்கிவரச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு யானையின் வாயை அளந்து, தடித்த அட்டையில் வளையம் வெட்டி, தாளைச் சுருக்கம் விழாமல் ஒட்டி ஒரு மூடி செய்தாள். அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்தாள்.

"நகை வாங்கினியா?" என்றார் கணவர்.

"சூரியனுக்கு மூடி."

"அதுக்கு எதுக்குப் பூட்டு? சூரியன் வந்து எடுத்துட்டுப் போயிடுமா?"

"சூரியன் எடுக்காது. ஜூம் எடுப்பாரு."

கிரகணம் அன்று காலை, யாரையும் தொட விடாமல் யானையைத் தானே தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். அறையைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள். வேலை நேரத்தில் அவள் அறையை விட்டு வெளியே வந்ததே அபூர்வம். அதனால் வழியில் எல்லோரும் தலை தூக்கிப் பார்த்தார்கள். தம்பி அன்று ஒரு பள்ளி மைதானத்தில், கிரகணக் கண்ணாடி போட்டுப் பார்க்கிற பிள்ளைகளைப் படம் எடுக்கப் போயிருந்தான்.

மாடியில் தண்ணீர்த் தொட்டியும் குளிர்சாதனப் பெட்டிகளின் வெளிப்பாகங்களும் இரைந்துகொண்டிருந்தன. ஜூம் கேமராவை நிறுத்துகிற முக்காலியை விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் அந்தப் பை.

"பையில என்ன?"

"சோறு."

அவள் நம்பவில்லை.

"மொதல்ல மூடி, அப்புறம்தான் மேல திருப்பணும்" என்றாள். "இறக்குறப்போ மொதல்ல கீழ திருப்பணும், அப்புறம்தான் மூடியக் கழட்டணும். கண்ணை வச்சுப் பார்க்கக் கூடாது, திரையிலதான் பார்க்கணும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல இந்தக் கறுப்புத் துணியப் போட்டு மூடணும்."

"சூரியன் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அதையும் ஒரு சுவர்ப் படம் எடுக்கச் சொல்லலாம்ல."

"மூடி காத்துல பறந்துச்சுன்னா?"

"அதுக்குத்தான் சுத்தி டேப் ஒட்டியிருக்கீங்களே. லென்ஸே பறந்தாலும் மூடி பறக்காது."

அவள் இன்னொரு சுற்று டேப் ஒட்டினாள்.

கிரகணம் தொடங்கியது. திரையில் சூரியன் ஒரு வெளிறிய தட்டு மாதிரி வந்தது, ஓரத்தில் யாரோ சின்னதாகக் கடித்த மாதிரி. ஜூம் எடுத்தார், துணியைப் போட்டார், காத்திருந்தார், துணியை எடுத்தார். அவர் கை ஒவ்வொரு முறையும் மூடிப் பக்கம் போகும்போது அவள் கண்ணும் கூடவே போனது.

பாதிக்கு மேல் மறைந்துகொண்டிருந்த நேரத்தில் மேகம் வந்தது. மெல்லிய மேகம்தான், ஆனால் மூடி வழியாகப் பார்த்தால் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் இருட்டு.

"மூடியக் கழட்டலாம்" என்றார் ஜூம்.

"கழட்டக் கூடாது."

"மேகமே மூடி மாதிரிதான் இருக்கு. மேல பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு. இதை எடுக்காம என்னத்தை எடுக்குறது? உச்சம் முடிஞ்சுடும்கா."

"மேகம் விலகுச்சுன்னா?"

"விலகுறதுக்குள்ள எடுத்துடுவேன்."

"துறைமுகத்துலயும் அப்படித்தான் நெனச்சீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் உள்ளங்கையை விரித்து மூடிக்கு முன்னால் வைத்துக்கொண்டு நின்றாள், தாய்க்கோழி மாதிரி. ஜூம் குனிந்து பையைத் திறந்தார். உள்ளே உண்மையாகவே ஒரு சோற்று டப்பா இருந்தது. அதற்கு அடியிலிருந்து ஒரு சின்ன கேமராவை எடுத்தார்.

"இது யாருது?"

"என்னுது."

"எப்ப வந்துச்சு?"

"உங்க ரூம்லேருந்து வரல, பயப்படாதீங்க" என்று கேமராவைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். அலுவலகக் கேமராக்களின் அடியில் அவள் கையால் ஒட்டிய எண் இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. பிய்த்த தடயமும் இல்லை, அதையும் பார்த்தாள். "பழசு ஒண்ணு கெடைச்சுது. செத்தவங்களையே எடுத்துட்டிருந்தா கை மரத்துப் போயிடும்ல. காலையில காக்கா, அணிலுன்னு எதையாவது எடுப்பேன்."

"கல்யாணத்துக்கெல்லாம் போறதில்லையா?"

"என்னை யாருக்கா கூப்பிடுறா? எரிச்சவன்னு பேராயிடுச்சே."

அவர் கேமராவைத் தொட்டிச் சுவரின் மேல் ஊன்றி மேகத்துக்குள் தெரிந்த பிறைக்கு நேரே திருப்பினார். "மூடி இல்லாம வைக்காதீங்க" என்றாள் அக்கா. "இது என் பொருள்" என்றார். ஒன்று எடுத்தார். இன்னொன்று. திரையைப் பார்த்தபடியே எதையோ திருகி, மறுபடி திருகி, சரியாக வரவில்லை என்று முணுமுணுத்தார்.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் அதுவரை கலங்கலாகக் கிடந்தது. அதற்கு ஓரம் வரத் தொடங்கியது.

"மேகம் விலகுது. திருப்புங்க."

"ஒண்ணே ஒண்ணு."

"ஜூம், திருப்புங்க."

நிழல் கத்தியால் வெட்டியது போலக் கூர்மையானது. அவர் கேமராவை எடுக்கவில்லை. திரை வெள்ளையாகப் போனதைப் பார்த்து, வெளிச்சத்தைக் குறைக்க இன்னும் எதையோ திருகிக்கொண்டிருந்தார். அக்கா கறுப்புத் துணியை எறிந்தாள். அது கேமராவின் மேல் விழுவதற்குக் கொஞ்சம் முன்பாகவே வாசம் வந்துவிட்டது.

ஜூம் மூக்கை உறிஞ்சினார். திரும்பிப் பார்த்தார்.

"என்ன வாசம் இது? கீழ யாராவது ஒயர் கொளுத்துறாங்களா?"

கைப்பிடிச் சுவர் வரை போய்க் கீழே எட்டிப் பார்த்தார். அங்கே இரண்டு சைக்கிள்களும் ஒரு குப்பைத் தொட்டியும்தான் இருந்தன. குளிர்சாதனப் பெட்டி ஒன்றின் பக்கம் குனிந்து முகர்ந்தார். "இதுவும் இல்லையே. என்னமோ இனிப்பா வேற இருக்கு."

அக்கா நின்ற இடத்தில் அப்படியே நின்றாள். இந்த வாசத்தை ஒரு முறை அறிந்தவர்கள், அது என்ன என்று கீழே போய்த் தேட மாட்டார்கள். இந்த மனிதருக்கு இது புதிய வாசம். இவர் இதற்கு முன் எந்தக் கேமராவையும் பொசுக்கியதில்லை.

ஒருவேளை நடிக்கிறாரோ? அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். குப்பைத் தொட்டியை இன்னொரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முதுகில் நடிப்பு எதுவும் இல்லை. நடிப்பவராக இருந்தால், தன் சொந்தப் பொருளையா எரித்துக்கொண்டு நடிப்பார்?

"யானையில இப்ப தெரியுது" என்றாள். "எடுங்க."

அவர் ஓடி வந்து எடுத்தார். மூடிக்குள்ளே பிறை துல்லியமாக வந்தது. நாலைந்து படம் எடுத்து, அங்கே கிடந்த துணியை எடுத்து யானையை மூடிவிட்டு, திருப்தியோடு தன் சின்ன கேமராவின் பக்கம் திரும்பினார். அதைத் தூக்கித் தொட்டியின் வெள்ளைச் சுவருக்கு நேரே பிடித்து ஒரு படம் எடுத்தார். பழக்கம்தான். எந்தக் கேமராவைக் கையில் எடுத்தாலும் அவருக்கு முதலில் சுவர்தான். திரையைப் பார்த்தார். பிறகு வெகு நேரம் பார்த்தார்.

"பச்சையா ஒரு கோடு" என்றார்.

அக்கா யானையின் மேல் கிடந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"அந்த வாசம் இதுலேருந்துதான் வந்துச்சா?"

"ஆமா."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவர் கேமராவைச் சட்டைத் துணியால் துடைத்து, துடைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும் இன்னும் கொஞ்சம் துடைத்து, பையில் வைத்தார். "சரி. இனிமே காக்காவ வெறுங்கண்ணால பார்த்துக்க வேண்டியதுதான்" என்றார்.

"அன்னைக்குத் துறைமுகத்துல..." என்று அவள் தொடங்கினாள்.

"எத்தனை தடவைக்கா சொல்றது? பையைத் திறக்கவே இல்ல" என்றார், போன வருடம் சொன்ன அதே வார்த்தைகளில்.

யானையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது படிக்கட்டு நீண்டுகொண்டே போவது போலிருந்தது. திறக்காத பைக்குள் கேமரா பொசுங்காது. அப்படியானால் பைக்குள் போகும்போதே அது பொசுங்கித்தான் இருந்தது. திரும்பி வரும் கேமராவுக்குத்தான் சுவர்ப் படம், வெளியே போகிற கேமராவுக்கு இல்லை. வரும்போதே பார்த்துவிட்டதால் போகும்போது பார்க்கத் தேவையில்லை என்று வைத்திருந்தவள் அவள்தான். அப்படியானால் முந்தின நாள் அது யாரிடமிருந்து வந்தது?

அவளுக்குத் தெரியும். ஆனாலும் வேறு யாரையாவது சந்தேகப்பட்டுப் பார்த்தாள். தரை துடைக்கிற அம்மாவிடம் சாவி இல்லை. மேனேஜருக்கு லென்ஸின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்றே தெரியாது. நானே மேசைமேல் விட்டுவைத்தேனோ? அறைக்குள் சூரியனுக்கு எங்கே போவது? வாழ்நாள் முழுக்கக் கூப்பிடாமலே வந்த சந்தேகம், கெஞ்சிக் கூப்பிடும்போது யார் மேலும் போய் நிற்க மறுத்தது. சுற்றிச் சுற்றி ஒரே ஆளிடம்தான் வந்தது.

பூட்டிய கதவுக்கு வெளியே தம்பி நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் தேநீர், மறுகையில் பை.

"எங்கக்கா போயிட்ட? எவ்வளவு நேரம் நிக்கிறது? டீ ஆறிப்போச்சு."

அவள் பூட்டைத் திறந்தாள். அவன் அவளுக்கு முன்னால் உள்ளே போய், தேநீரை மேசையில் வைத்து, பையை அலமாரியில் வைத்தான். "பிள்ளைங்க எல்லாம் கண்ணாடியப் போட்டுட்டு ஒரே ஆட்டம். நல்லா வந்திருக்கு. சுவரையும் எடுத்துட்டேன், பளிச்சுனு இருக்கு."

யானையை அதன் பெட்டியில் படுக்க வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"எப்ப எடுத்த?"

"எதை?"

"சுவரை. கதவு பூட்டியிருந்துச்சு. சுவரு உள்ள இருக்கு."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "அதுக்கென்ன, இப்ப எடுத்துடுறேன். என்னக்கா, என்கிட்டயே எக்ஸ்ரேவா?"

"போன வருஷம் அது பொசுங்கினப்போ உனக்கு வாசம் வந்துச்சா?"

எது பொசுங்கியது என்று அவன் கேட்கவில்லை. அவள் அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஒரு கேள்வி, ஒரு முறைப்பு, ஒரு 'உனக்குப் பைத்தியமா' வந்திருந்தாலும் போதும். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாலத்தோட ரெண்டு தூணுக்கு நடுவுல சூரியன் இறங்குச்சு" என்றான் கடைசியில். "விளையாட்டு விழா முடிஞ்சு திரும்பி வர்ற வழியில. எனக்குன்னு ஒரு படம் எடுத்து வச்சுக்கலாம்னு முக்காலியில வச்சேன். அப்ப வீட்டுலேருந்து அவ போன் பண்ணா. பேசிக்கிட்டே நடந்து போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா கோடு."

"ஏன் சொல்லல?"

"மறுநாள் சொல்லலாம்னுதான் இருந்தேன். நான் வர்றதுக்குள்ள ஜூம் சார் எடுத்துட்டுப் போயிட்டாரு. சாயந்திரம் பாத்தா நீயே அவர்தான்னு சொல்லிட்ட. நான் அவரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலக்கா. எல்லாம் நீதான் சொன்ன."

அது உண்மை. சுவர் சொல்வதை மட்டும் கேட்கிறவள், தம்பி எடுத்ததாகச் சொன்ன சுவரை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

"வா, மேனேஜர்கிட்ட போகலாம்."

"அக்கா." அவன் குரல் தணிந்தது. "நல்லா யோசி. தம்பிக்கு மட்டும் பாக்காம விட்டேன்னு நீயே போய்ச் சொன்னா, இந்த ரூமுக்கு என்ன மரியாதை? இன்னைக்கே மூடிடுவாங்க. எனக்கும் போகும், உனக்கும் போகும். ஒரு வருஷம் ஆச்சு, அவரே மறந்துட்டாரு. காலையிலகூட என்னப் பாத்துச் சிரிச்சாரு."

"அவரு எல்லாரையும் பாத்துத்தான் சிரிக்கிறாரு."

"அம்மாவுக்கு என்ன பதில் சொல்லுவ?"

கணக்குப் பிரிவின் நிரம்பிய நாற்காலிகள் கண் முன்னால் வந்தன. பணிமனையிலிருந்து கரி படிந்த கையோடு வரும் கணவரிடம் என்ன சொல்வது என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு சாவியை எடுத்தாள்.

"முன்னாடி நட" என்றாள்.

"நான் ஓடியா போயிடுவேன்?"

"தெரியாது. முன்னாடி நட."

அவன் முன்னால் நடந்தான். அவள் இரண்டடி பின்னால், அவன் கால்களைப் பார்த்தபடி வந்தாள். செய்திப் பிரிவின் மேசைகளைத் தாண்டும்போது ஜூம் ஒரு திரைக்கு முன்னால் குனிந்திருந்தார். அவர் எடுத்த பிறையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று, முதல் பக்கத்தில் எங்கே வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஜூம், நீங்களும் கொஞ்சம் வாங்க. மேனேஜர் ரூமுக்கு."

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. ஜூம் அவளைப் பார்த்தார், அவள் முன்னால் நிற்கும் தம்பியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"யானைக்கு எதாவது ஆயிடுச்சா? நான் மூடியக் கழட்டவே இல்லையே. நீங்கதானே பக்கத்துல நின்னீங்க."

"யானை நல்லா இருக்கு."

"அப்ப நான் என்னக்கா பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. அதைச் சொல்லத்தான் கூப்பிடுறேன்."

அவர் உடனே எழவில்லை. அவள் முகத்தில் எதையோ தேடினார், எங்கே பொறி வைத்திருக்கிறாள் என்பது போல. ஒன்றும் அகப்படாததால் இன்னும் சந்தேகத்தோடு எழுந்தார். பையை மேசையில் விட்டுவிட்டு வரப் போனவர், அவளைப் பார்த்து மனதை மாற்றிக்கொண்டு, அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.